நாற்பது கம்பி

அந்த நிறுவனத்தில் அவளைக் கீழ்வீட்டம்மா என்று கூப்பிட்டார்கள். கட்டடத்தின் அடித்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, கனமான ஒரு கதவுக்குப் பின்னால் அவள் அறை இருந்தது. ஜன்னல் கிடையாது. கைபேசியில் சிக்னல் கிடையாது. மேஜைமேல் ஒரு பழைய தொலைபேசி இருந்தது. அது மணியடித்தால் எங்கோ ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு காலத்தில் அந்த அறையில் உட்கார இடம் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு ஒவ்வொருவராக மேல்தளத்துக்குப் போனார்கள். நாற்காலிகளை விட்டுவிட்டுப் போனார்கள். அவற்றின்மேல் அவள் பழைய கருவிகளின் சர்க்யூட் போர்டுகளை வைத்திருந்தாள். மேலிருந்து யாராவது வந்தால் உட்காரப் பார்ப்பார்கள், போர்டைப் பார்ப்பார்கள், நின்றுகொண்டே பேசிவிட்டுப் போவார்கள்.

நிறுவனம் மருத்துவமனைகளுக்கு ஸ்கேன் கருவி செய்தது. கருவிக்குள் ஒரு கணினி. எடுக்கிற படம் அதன் டிஸ்கில் போய்ச் சேர வேண்டும். டிஸ்கோடு பேசும் நிரல், டிரைவர் என்பார்கள், அவளுடையது. டிரைவர் எழுதுகிறேன் என்று ஒரு கல்யாண வீட்டில் சொல்லப் போய், கணவனின் மாமா என்ன வண்டி என்று கேட்டதிலிருந்து, கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும் சொல்லிவந்தாள்.

மேலே புதிய கருவிகள். அவற்றில் இந்த டிஸ்க் இல்லை, இந்தக் கேபிள் இல்லை. பழையவற்றுக்கு அவள் ஒருத்திதான் மிச்சம். மேலே இன்னும் ஓர் இடம் காலியாக இருந்தது. அதுதான் கடைசி என்று எல்லோருக்கும் தெரியும். மேலாளர் முன்பு இதே அறையில் அவளுக்குப் பக்கத்து மேஜையில் இருந்தவர். அவர் மேலே போனபிறகு அவள் அவரை ‘நீங்க’ என்று பேசத் தொடங்கினாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

“ஒரே ஒரு புகார்தான் பாக்கி,” என்றார் மேலாளர், படிக்கட்டில் நின்றபடி. “அத மூடிட்டு வா. திங்கக்கிழமை மேல உக்காரு. உன் சீட்டுக்கு நேரா ஜன்னல்.”

“போன வருஷமும் இப்படித்தான் சொன்னீங்க.”

“போன வருஷம் ஜன்னல்னு சொன்னேனா?”

அது உண்மைதான். சொல்லவில்லை.

புகார் இதுதான். ஒரு மருத்துவமனையில் கருவி மெதுவாகிவிட்டது. படம் டிஸ்கில் ஏறி முடிவதற்குள் அடுத்த படம் வந்து நிற்கிறது. சில படங்கள் விழுந்துபோகின்றன. நோயாளியை மறுபடி படுக்க வைத்து, மறுபடி மூச்சைப் பிடிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. கருவி ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் எழுதிவைக்கும் பதிவு, அதாவது லாக், வாரத்துக்கு ஒருமுறை அவளுக்கு வந்தது. அதில் ஒரே வரி திரும்பத் திரும்ப இருந்தது. நாற்பது கம்பிக் கேபிள், வேகம் குறைக்கப்பட்டது.

டிஸ்கையும் போர்டையும் இணைப்பது பட்டையான ஒரு கேபிள். இரண்டு வகை உண்டு. ஒன்றில் நாற்பது கம்பி, மற்றதில் எண்பது. அகலம் ஒன்றுதான், செருகும் முனையும் ஒன்றுதான். எண்பதில் கூடுதலாக உள்ள கம்பிகள் எந்தச் செய்தியையும் கொண்டுபோவதில்லை. பேசுகிற கம்பிகளுக்கு நடுவில் சும்மா கிடக்கின்றன. அவை சும்மா கிடப்பதால்தான் ஒன்றின் பேச்சு மற்றொன்றில் கலப்பதில்லை, வேகமாகப் பேச முடிகிறது. நாற்பதில் அந்த வேகத்தில் பேசினால் உளறல்தான்.

எந்தக் கேபிள் என்று டிரைவருக்குத் தெரிய வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் வழி போர்டுக்குப் போர்டு மாறும். போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேருக்குத்தான் அந்த வழி தெரியும். மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது அது. கேபிளைப் பார்த்து, இவ்வளவு வேகம் போகலாம் என்று சிப்பில் குறித்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பின்னால் வரும் டிரைவர் அந்தக் குறிப்பைப் படிக்கும். வேகம் அதிகம் என்று இருந்தால் எண்பது, குறைவு என்று இருந்தால் நாற்பது. டிஸ்கையே கேட்கலாம், ஆனால் பழைய டிஸ்குகள் பொய் சொல்லும். அதனால் அவள் ஃபர்ம்வேர் சொல்வதை எடுத்துக்கொள்வது என்று விதி எழுதினாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியது. அதைப் பற்றி அதன்பிறகு யாரும் கேட்டதில்லை, அவள் உட்பட.

மருத்துவமனைக்குப் போய்வருகிறவர் சர்வீஸ்காரர். அவளைவிட வயதில் பெரியவர். பார்த்தது ஓரிரு முறைதான், குரல்தான் பழக்கம்.

“அண்ணா, நாற்பது கம்பின்னு வருது.”

“யாருக்கு வருது?”

“லாக்ல வருது.”

“லாக்கு வந்து என் கைய பாத்துச்சா? எண்பதுதாம்மா போட்டேன். புதுசு. உறையப் பிரிச்சுப் போட்டேன்.”

“போன தடவையும் அதான் சொன்னீங்க.”

“போன தடவையும் அதான் போட்டேன்.”

“அப்புறம் எப்படி நாற்பதுன்னு வரும்?”

“உங்க டிரைவருக்குக் கண்ணு எங்க இருக்கு?”

“அதுக்குக் கண்ணு இல்ல. ஃபர்ம்வேர் சொல்றத எடுத்துக்கும்.”

“பாக்காமயே சாட்சி சொல்லுதுன்னு சொல்லுங்க.”

அவளுக்குக் கோபம் வந்தது. “நீங்க பழைய ஸ்டாக்க எடுத்துட்டுப் போயிருப்பீங்க. தடவிப் பாருங்க. கோடு பெருசா இருந்தா நாற்பது, நைஸா இருந்தா எண்பது.”

“இருபது வருஷமா கேபிள் மாத்துறேன். இப்பத் தடவிப் பாக்கச் சொல்றீங்க. சரி. ஆனா எனக்கு என்னமோ டிஸ்கு மேலதான் சந்தேகம். அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வைங்க.”

“டிஸ்க் நல்லாத்தான் இருக்கு.”

“கேபிளும் நல்லாத்தான் இருக்கு,” என்று அவர் வைத்துவிட்டார்.

வீடு இரண்டு அறை. சமையலறைக் கதவு முழுதாகத் திறக்காது, குளிர்சாதனப் பெட்டியில் இடிக்கும். அவள் பக்கவாட்டில் நுழைந்துதான் சமைத்தாள். இதுவும் பழகிப்போயிருந்தது. கணவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவன். அவனுடைய அக்கா இவர்களோடுதான் இருந்தாள். கூடம் அவளுடையது, கூடத்து விளக்கும் அவளுடையது.

“மேல போறேன்,” என்றாள் அன்று சாப்பிடும்போது.

கணவன் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. “சுரங்கத்துல வேலை செய்றவன்கூட ஷிப்டு முடிஞ்சா மேல வந்துடுறான். நீ எத்தன வருஷமா வந்துக்கிட்டே இருக்க.”

“இந்தத் தடவ நிஜமாத்தான்.”

“மேல என்ன இருக்காம்?” என்றாள் நாத்தனார்.

“ஜன்னல் இருக்கு அண்ணி.”

“ஜன்னலுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? நம்ம வீட்லதான் இருக்கே.”

“நம்ம வீட்டு ஜன்னலத் திறந்தா பக்கத்து வீட்டு சுவர்.”

“சுவர்னா என்ன, சுத்தமான சுவரு.”

கணவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஜன்னல் மட்டுமல்ல என்று விளக்க வாயெடுத்து, விட்டுவிட்டாள். புதிய கருவிகளின் வேலையை இப்போது கற்றுக்கொள்ளாவிட்டால் இனி எங்கேயும் போக முடியாது. அவளுக்குத் தெரிந்தது உலகத்தில் குறைந்துகொண்டே வரும் ஒரு பொருள். கடைசி ஸ்கேன் கருவி இருக்கும்வரை அவள் அந்த அறையில் இருப்பாள், அது போகும்போது அவளையும் அதோடு சேர்த்து எடுத்துப் போய்விடுவார்கள். இதைச் சாப்பாட்டு நேரத்தில் எப்படிச் சொல்வது?

மறுநாள் சர்வீஸ்காரர் படம் அனுப்பியிருந்தார். போர்டில் செருகிய கேபிள். பெரிதாக்கிப் பார்த்தாள். மெல்லிய கோடுகள், நெருக்கமாக. எண்பதுதான். கூடவே ஒரு வீடியோ. சுவிட்சைப் போடும் கை, கருவி கிளம்புவது, திரையில் ஓடும் வரிகள். அவற்றில் எண்பது கம்பிக் கேபிள் என்று தெளிவாக இருந்தது. பின்னணியில் அவர் குரல்: “இப்ப என்ன சொல்றீங்க? இப்ப என்ன சொல்றீங்க?”

அடுத்த நாள் மருத்துவமனையிலிருந்து லாக் வரவழைத்தாள். நாற்பது.

“அண்ணா, மறுபடி நாற்பது.”

“ராத்திரி பேய் வந்து மாத்திட்டுப் போகுதா? பேய்க்கு எதுக்கும்மா கேபிளு?”

“யாராவது கருவியத் திறந்தாங்களா?”

“திறக்குற திருப்புளி என் கிட்ட இருக்கு. நான் இருக்கும்போது நல்லா ஓடுது. நான் தெரு முனை திரும்புறதுக்குள்ள ஊத்திக்குது. என்னை அந்த ஆஸ்பத்திரில எல்லாரும் எப்படிப் பாக்குறாங்க தெரியுமா? ஸ்கேன் எடுக்குற பொண்ணு, வாங்க மந்திரவாதின்னு கூப்பிடுது.”

மதியம் மேலாளர் கீழே வந்தார். நின்றுகொண்டே பேசினார்.

“தவறான கேபிள், சர்வீஸ் பிழைன்னு எழுதி மூடிடு.”

“அவர் சரியாத்தான் போட்டிருக்கார்.”

“உன் லாக்கு நாற்பதுன்னுதானே சொல்லுது? உன் லாக்கையே நீ நம்பலன்னா எப்படி?”

“ஒரு நாள் குடுங்க.”

“குடுக்குறேன். ஆனா சீட்டு நிக்காது. கேக்குறவங்க இருக்காங்க.”

அறையின் மூலையில் தோலுரித்த ஸ்கேன் கருவி ஒன்று நின்றது. அதில்தான் அவள் எல்லாவற்றையும் சோதித்தாள். ஒரு சோதனை முடிந்தால் சுவரில் உள்ள சுவிட்சை அணைப்பாள், விளக்குகள் சாகும்வரை நிற்பாள், மறுபடி போடுவாள். ஒவ்வொரு முறையும். சேர்ந்த புதிதில் ஒரு ஷாக் வாங்கியதிலிருந்து வந்த பழக்கம். யார் சொல்லியும் மாறவில்லை. அன்றும் அப்படியே செய்தாள். எண்பது, எண்பது, எண்பது. கருவி அவளிடம் ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை.

சர்வீஸ்காரரை அழைத்தாள். “அங்க சாயந்திரம் கருவிய யார் அணைப்பாங்க?”

“யாரும் அணைக்கிறதில்ல.”

“யாரும்னா?”

“மெயின் சுவிட்சுக்கு முன்னாடி ஒரு அலமாரிய வச்சு அடைச்சுட்டாங்கம்மா. நான் போனாத்தான் அதத் தள்ளுவேன். இடுப்பு போயிடும். அவங்க காலைல வந்து திரையில ரீஸ்டார்ட்ட அமுக்குவாங்க, அவ்வளவுதான்.”

“மத்த ஆஸ்பத்திரில?”

“மத்த இடத்துல அலமாரி இல்ல.”

அவள் தொலைபேசியை வைத்தாள். பிழை வரட்டும் என்றே, மூலையில் நின்ற கருவியில் நோயாளி படுக்கையை நகர்த்தும் மோட்டாரின் எர்த் கம்பியைத் தளர்த்திவிட்டாள். படுக்கையை முன்னும் பின்னும் ஓட்டினாள். மோட்டாரின் இரைச்சல் கேபிளில் கலந்தது. திரையில் பிழைகள் விழுந்தன. பிழைகள் சேர்ந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்து, அதே சிப்பில் குறித்தது. அதுவும் அவள் எழுதிய விதிதான். ஒரு மருத்துவமனையில் படங்கள் கெட்டுப்போன பிறகு, பயத்தில் எழுதியது. சந்தேகம் வந்தால் மெதுவாகப் போ. மறுமுறை கிளம்பும்போது பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும் என்று அப்போது நினைத்தாள்.

கம்பியை மறுபடி இறுக்கினாள். கை தானாகச் சுவரை நோக்கிப் போனது. இழுத்துக்கொண்டாள். திரையில் ரீஸ்டார்ட்டை அமுக்கினாள்.

நாற்பது கம்பிக் கேபிள், வேகம் குறைக்கப்பட்டது.

குனிந்து கேபிளை இரண்டு விரலால் தடவினாள். நைஸாக இருந்தது. மறுபடி ரீஸ்டார்ட். நாற்பது. மறுபடியும் நாற்பது. எத்தனை முறை அமுக்கினாலும் அதையே சொல்லும் என்று தெரிந்த பின்னும் அமுக்கினாள்.

ஃபர்ம்வேர் எழுதியவன் முன்பே மேலே போய்விட்டிருந்தான். உணவுக்கூடத்தில் பிடித்தாள்.

“மின்சாரம் போகாம ரீஸ்டார்ட் ஆனா, டிஸ்க் வேகத்த நீ திரும்பக் குறிப்பியா?”

“இல்லையே. எதுக்கு?” வாயில் சாப்பாடு. “நீ ஏற்கெனவே வந்து வேகம் வச்சிருப்ப. ஓடிக்கிட்டு இருக்கிறத நான் ஏன் கலைக்கணும்? எல்லாம் உன் மேல இருக்கிற மரியாதைதான்.”

“நான் வச்சத நீ வச்சதுன்னு நினைச்சு நான் படிக்கிறேன்.”

அவன் மெல்லுவதை நிறுத்தினான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். “நீ என்னை நம்பின, நான் உன்னை நம்பினேன். கேபிள ஒருத்தரும் கேக்கலயா?” பக்கத்து மேஜைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னான். அவர்களும் சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்துவிட்டுக் கீழே வந்தாள்.

அறைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. இத்தனை நாளும் அவள் ஃபர்ம்வேரின் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டது அவளுடைய பழைய பயம். டிரைவர் ஒரு தடவை பயந்தது, அதைச் சிப்பில் எழுதியது. அடுத்த தடவை வந்து படித்து, பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று அடங்கிக்கொண்டது. தான் எழுதியதற்குத் தானே கீழ்ப்படிந்து, மறுபடி அதையே எழுதியது. யாராவது வந்து மின்சாரத்தைப் பிடுங்கும்வரை அதற்கு விடுதலை இல்லை.

திருத்தம் பெரிதல்ல. டிரைவர் உள்ளே வந்ததும் என்ன குறிப்பு இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ரீஸ்டார்ட்டுக்காக வெளியேறும்போது அதை அப்படியே திரும்ப வைத்துவிட்டுப் போக வேண்டும். வாடகை வீட்டைக் காலி செய்வதுபோல. சில வரிகள். மாலைக்குள் எழுதிவிட்டாள். ஒரு நொடியில் அதை அழித்துவிடவும் முடியும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. சர்வீஸ் பிழை. திங்கட்கிழமை. ஜன்னல்.

எழுதியதை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

மேலாளர் முழுவதும் கேட்டார். நல்ல மூளை அவருக்கு, சட்டென்று புரிந்தது. “அப்ப எல்லா கருவியிலயும் இது இருக்கு.”

“அணைக்காம ஓட்டுற எல்லாத்துலயும்.”

“சாயந்திரம் அணைச்சுப் போடுங்கன்னு எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரு வரி அனுப்பிடலாம். முடிஞ்சுது. நீ மேல வந்துடு.”

“அலமாரிய யார் தள்ளுவாங்க?”

“எந்த அலமாரி?”

சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

“சரி. திருத்தத்த அனுப்பணும்னா எல்லா மாடல்லயும் ஓட்டிப் பாக்கணும். பழைய போர்டு ஒவ்வொண்ணுலயும். ஆஸ்பத்திரி சமாச்சாரம், பாக்காம அனுப்ப முடியாது. எத்தன மாசம் ஆகும் சொல்லு?”

அவள் விரலை மடக்கி மாடல்களை எண்ணத் தொடங்கினாள்.

“யார் பாப்பாங்க?”

அவர் கேட்ட தொனியில் அது கேள்வியாகவே இல்லை.

“நானா உன்னை இருக்கச் சொல்லல,” என்றார். “ஒரு வரி அனுப்பிட்டு விட்டுடலாம்னுதான் நான் சொல்றேன். நீதான் முடிவு பண்ணணும்.”

அவருக்குப் பின்னால் காலியாக இருந்த மேஜை தெரிந்தது. அதற்கு நேராக ஜன்னல். வெளியே ஒரு கட்டடத்தின் மேல்பகுதி, தண்ணீர்த் தொட்டி, வானம். பெரிதாக ஒன்றுமில்லை. யாரோ ஒரு பெண்ணின் பை அதற்குள் அந்த மேஜைமேல் இருந்தது. இடம் பிடித்திருக்கிறாள்.

“மாடல் வாரியா ஓட்டுறேன்,” என்றாள். தன் குரல் தனக்கே முன்பு எங்கோ கேட்டதுபோல் இருந்தது.

“உன்னை மாதிரி யாருக்கு இது தெரியும்,” என்றார் மேலாளர். அன்பாகத்தான் சொன்னார்.

திருத்தம் அந்த மருத்துவமனைக்கு முதலில் போனது. சர்வீஸ்காரர் அங்கிருந்தே கூப்பிட்டார். அணைக்காமல் ரீஸ்டார்ட் செய்யச் சொன்னாள். இருவரும் தொலைபேசியைப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

“எண்பது,” என்றார்.

“இன்னொரு தடவ.”

“எண்பதுதாம்மா. பறக்குது. ஸ்கேன் பொண்ணு என்னை இப்ப சார்னு கூப்பிடுது.” குரலைத் தாழ்த்தினார். “மேல போயிட்டீங்கன்னு சொன்னாங்களே. பழைய நம்பர்லயே எடுக்குறீங்க?”

“இங்கதான் இருக்கேன்.”

“ஏன்?”

“வேற மாடல்லாம் இருக்கு அண்ணா.”

“இருக்கும் இருக்கும். மாடலுக்கா பஞ்சம்.” “நான் போட்ட கேபிள் சரின்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க உங்க ஆளுங்க கிட்ட.”

“சொல்லிட்டேன்.”

அவளுக்கு ஒரு பதவி கொடுத்தார்கள். தலைமைப் பொறியாளர், பழைய கருவிகள். மேலே கைதட்டினார்கள். ஃபர்ம்வேர்காரன் கேபிள் கதையை மறுபடி சொன்னான்.

“தலைமைன்னா யாருக்குத் தலைமை?” என்று கேட்டான் கணவன்.

“கருவிங்களுக்கு.”

“எதுத்துப் பேசாதுங்க. நல்ல வேலைதான்.”

நாத்தனாருக்கு அது பிடித்திருந்தது. பக்கத்து வீட்டில் போய், தலைமை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பதவியின் பெயரைப் பித்தளைப் பலகையில் வெட்டி அனுப்பியிருந்தார்கள். ஒரு தச்சர் துளையிடும் கருவியோடு இறங்கி வந்தார். கதவின் வெளிப்பக்கம் பலகையை வைத்துப் பார்த்தார், பென்சிலால் குறித்தார். துளையிடத் தொடங்கியதும் கதவு திறந்து திறந்து ஆடியது.

“அம்மா, கொஞ்சம் உள்ள இருந்து புடிச்சுக்குறீங்களா? ஆடுது.”

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தி, இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்தாள். மரத்தின் அதிர்வு முழங்கைவரை ஏறியது.

“இன்னும் அழுத்திப் புடிங்க.”

தோளைக் கொடுத்து அழுத்திக்கொண்டாள்.